புதுக்கோட்டை மாவட்டத்தில் நீரிழிவு மருத்துவமும் இன்சுலின் பயிற்சியும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் இரண்டாம் வகை நீரிழிவு நோயாளர் சிறப்பு மருத்துவம் பெறும் வழிகளும், இன்சுலின் தொடங்குவோர் அறிந்திருக்க வேண்டிய பயிற்சியும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் உள்ளதென 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது.

பின்னணி

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948 இல் மருத்துவர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். ஆயினும் இத்துறை நெடுங்காலம் பெருநகரங்களிலேயே வளர்ந்தது. 1974 இல் உருவான புதுக்கோட்டை மாவட்டத்தில் 2017 வரை அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. நோய் முற்றியோர் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி அல்லது மதுரைக்குச் செல்ல வேண்டியிருந்தது. மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களில் உள்ள கூலித் தொழிலாளருக்கு இப்பயணத்தால் ஒரு நாள் ஊதியமும் இழப்பாகும். 2017 இல் முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொடங்கப்பட்டது.

2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் நீரிழிவு மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டு வந்து தரப்படுகின்றன. மாத்திரையை இவ்வாறு கொடுத்துவிட்டுச் செல்லலாம். இன்சுலினைக் கற்றுக்கொடுத்தே தர வேண்டும்.

மாத்திரைகளால் சர்க்கரை கட்டுப்படாதோர், கருவுற்றோர், ஆறாத கால்புண், சிறுநீரக அல்லது கண் பாதிப்பு உடையோர், அடிக்கடி தாழ்சர்க்கரை ஏற்படுவோர் ஆகியோரை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மேல் மருத்துவமனைக்கு அனுப்புதல் முறையாகும்.

குப்பியும் ஊசியும்

இந்தியாவில் இன்சுலின் இரு செறிவுகளில் கிடைக்கிறது. குப்பிகளில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 அலகுகளும், பேனா ஊசிகளில் 100 அலகுகளும் இருக்கும். குப்பிக்கு உரிய ஊசிக்குழலும் அதே செறிவுக்கானதாக இருத்தல் வேண்டும். 40 அலகுக் குழலுக்குச் சிவப்பு மூடியும், 100 அலகுக் குழலுக்குச் செம்மஞ்சள் மூடியும் வழக்கமாகும்.

மருத்துவர் 20 அலகுகள் எழுதியதாகக் கொள்வோம். 40 அலகுக் குப்பியிலிருந்து 100 அலகுக் குழலில் 20 ஆம் கோடு வரை எடுத்தால் 0.2 மி.லி., அதாவது 8 அலகுகளே உடலில் சேரும். மாறாக, 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் அதே கோடு வரை எடுத்தால் 0.5 மி.லி., அதாவது 50 அலகுகள் சென்றுவிடும். இது உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருந்துக்கடையில் வேறு குழல் தரப்பட்டால் ஏற்காதிருப்பதே நன்று.

ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் அங்கே கொழுப்புக் கட்டி உருவாகி, மருந்து சீராக உறிஞ்சப்படாது. வயிறு, தொடை என இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கலத்தல் வேண்டும்.

சேமிப்பு

திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். உறைந்துபோன மருந்து பயன்படாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இரு மண்பானைகளை ஒன்றினுள் ஒன்றாக வைத்து, இடையே ஈரமணல் நிரப்பிப் பயன்படுத்தலாம். பயன்பாட்டிலுள்ள குப்பியைக் கோடையில் இவ்வாறு காப்பது பயனுள்ளது எனக் கண்டறியப்பட்டுள்ளது.

தாழ்சர்க்கரை

நடுக்கம், வியர்வை, கடும்பசி, குழப்பம் ஆகியன இதன் அறிகுறிகள். ஊசி போட்டபின் உணவு தாமதமானாலோ, வழக்கத்துக்கு மீறி வயல்வேலை செய்தாலோ இது நேரலாம். இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் குறைந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. 108 ஊர்தியை அழைக்க வேண்டும். ஆகவே இப்பயிற்சியை நோயாளருடன் வீட்டிலுள்ள மற்றொருவரும் பெறுதல் இன்றியமையாதது.