வைத்தியசாலைத் தொட்டிலும் ஒரு வைரசின் வரலாறும்

நோய்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை ஆராய்ந்த அறிஞர்களின் வரலாறாகவே அதனை எழுதி முடித்துவிடுகின்றனர். நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்தவரின் பெயர் நூல்களில் நிலைத்து விடுகின்றது. அதன் கீழ் வைக்கப்பட்ட பொருள் எந்தக் குழந்தையின் உடலிலிருந்து வந்தது, அக்குழந்தை எத்தகைய சமுதாயத்திற் பிறந்தது என்னும் வினாக்கள் எழுவதில்லை. சிறு குழந்தைகளைக் கொல்லும் வயிற்றோட்டத்திற்குக் காரணமான ரோட்டா வைரசின் வரலாற்றை அவ்வினாக்களுடன் சேர்த்து நோக்குதல் பயனுடைத்து. ஏனெனில், அவ்வரலாற்றின் தலையாய பாடமொன்றை மருத்துவ உலகம் பிறந்து சில நாட்களே ஆன சிசுக்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டது.

1973ஆம் ஆண்டு வரை, வயிற்றோட்டத்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளுட் பெரும்பாலோருக்கு நோய் எதனால் வந்தது என்று வைத்தியர்களாற் கூற முடியவில்லை. அவ்வாண்டில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரிலுள்ள அரச குழந்தைகள் வைத்தியசாலையில் றூத் பிஷப் என்னும் பெண் விஞ்ஞானியும், ஜெப்ரி டேவிட்சன், இயன் ஹோம்ஸ், பிறையன் றக் என்போரும், நோயுற்ற ஒன்பது குழந்தைகளின் சிறுகுடற் சுவரிலிருந்து பெற்ற சிறு துணுக்குகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். அறுவரின் குடற்கலங்களில் அதுவரை மனிதரிற் காணப்படாத வைரசொன்று நிறைந்திருந்தது. அடுத்த ஆண்டில், பேர்மிங்ஹாமைச் சேர்ந்த தோமஸ் புளுவெற் அதன் சக்கரம் போன்ற தோற்றத்தைக் கருதி, சக்கரம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினால் ரோட்டா வைரசு எனப் பெயரிட ஆலோசனை கூறினார். செல்வ நாடு, வறிய நாடு என்ற பேதமின்றி ஐந்து வயதை எட்டுமுன் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் இவ்வைரசு தொற்றுகின்றது என்பது விரைவிற் புலனாயிற்று. தொற்றில் இருந்த இச் சமத்துவம் மரணத்தில் இருக்கவில்லை. இறந்த குழந்தைகளுள் மிகப் பெரும்பாலானவை வறிய நாடுகளின் குழந்தைகளே.

இங்கேதான் புதிரொன்று எழுந்தது. மகப்பேற்று விடுதிகளிற் பிறந்த சிசுக்களின் மலத்தைச் சோதித்தபோது, அவற்றுட் பலவற்றில் அதே வைரசு காணப்பட்டது. ஆயினும் அச்சிசுக்களுட் பெரும்பாலானவை நோயின் அறிகுறி எதனையும் காட்டவில்லை. ஆறு மாதக் குழந்தையை வற்றச் செய்து கொல்லவல்ல வைரசு, ஆறு நாட் சிசுவின் வயிற்றில் ஓசையின்றி வாழ்ந்தது.

அச்சிசுக்களுக்குத் தொற்று எவ்வாறு வந்தது? அக்காலத்து நவீன வைத்தியசாலைகள் பலவற்றில், குழந்தை பிறந்ததும் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டுப் பொதுவான சிசு அறையொன்றில் வரிசையாக வைக்கப்பட்டது. மணிக்கணக்குப் பார்த்துப் பாலூட்டப்பட்டது. ஒரு தாதி பல தொட்டில்களைப் பராமரித்தாள். இவ்வைரசோ உலர்ந்த மேற்பரப்பிலும் நெடுநேரம் உயிர்ப்புடன் இருப்பது. கையிலிருந்து கைக்கு எளிதிற் செல்வது. எனவே, சிசு அறையின் ஒழுங்குமுறையே வைரசுக்குப் பாதையாயிற்று. மெல்பேர்ன் ஆராய்ச்சியாளர் 1979இல் வெளியிட்ட ஆய்வு, தாயின் அருகிலேயே வைத்துத் தாய்ப்பாலூட்டப்பட்ட சிசுக்களிடையே தொற்றுக் குறைவு எனக் காட்டிற்று. நாகரிகத்தின் பேராற் பிரிக்கப்பட்ட தாயும் சேயும் விஞ்ஞானத்தின் சான்றோடு மீண்டும் இணைக்கப்பட வேண்டியவராயினர். குற்றம் தாதியர்மீது உரியதன்று. ஒரு கை எத்தனை தொட்டில்களைத் தொடவேண்டும் என்பதை நிர்ணயிப்போர் வேறு இடத்தில் இருக்கின்றனர்.

புதிரின் மறுபாதி 1983இல் வெளிப்பட்டது. பிஷப் குழுவினர் 81 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். சிசுப் பருவத்தில் தொற்றுக்குள்ளான குழந்தைகள் பின்னரும் தொற்றுக்குள்ளாயின. ஆனால் அவற்றைக் கடுமையான நோய் அணுகவில்லை. முதல் தொற்று, வரப்போகும் தொற்றைத் தடுக்காமல், அதன் கொடுமையை மட்டுமே தணித்தது. தடுப்பு மருந்தொன்று ஆகக்கூடியது எதனைச் சாதிக்கலாம் என்பதற்கு இயற்கையே அளித்த விடை இது.

இதே வேளையில் இந்தியாவிலும் வைத்தியசாலைத் தொட்டில்கள் பேசத் தொடங்கின. 1980களில், புதுடில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் எம்.கே. பான் என்ற குழந்தை வைத்தியரும் அவருடைய சகாக்களும், நோயின்றியே வைரசைச் சுமந்த சிசுக்களைக் கண்டனர். அவற்றிலிருந்து பிரித்தெடுத்த வைரசுக்கு 116ஈ எனப் பெயரிட்டனர். பங்களூரிலும் அத்தகைய இன்னொரு வைரசு கண்டறியப்பட்டது. இவையிரண்டும் மனித வைரசும் மாட்டின் வைரசும் இயற்கையிலேயே கலந்து உருவானவை. மனிதனும் மாடும் அருகருகே வாழும் சூழலின் முத்திரை அவற்றின் மரபணுக்களிற் பதிந்திருந்தது.

ஆயினும் சிசுத் தொற்று எங்கும் தீங்கற்றது எனக் கொள்ளலாகாது. வேலூரில் சிசுக்களிடையே பரவிய ஒத்த வகை வைரசு சில சிசுக்களில் வயிற்று நோயோடு தொடர்புற்றிருந்தது. எனவே தொற்றைத் தடுக்கும் சுகாதாரமும், தொற்றிலிருந்து கற்ற பாடமும் ஆகிய இரண்டும் வேண்டற்பாலன.

இனி இவ்வரலாற்றின் கசப்பான அத்தியாயத்திற்கு வருவோம். 1998இல் ஐக்கிய அமெரிக்காவில் முதலாவது ரோட்டா வைரசுத் தடுப்பு மருந்து அனுமதி பெற்றது. மறு ஆண்டிலேயே அது மீளப்பெறப்பட்டது. அம்மருந்தைப் பெற்ற குழந்தைகளுள் ஏறத்தாழ பத்தாயிரத்துக்கு ஒன்றுக்குக் குடலின் ஒரு பகுதி மறுபகுதிக்குட் செருகிக்கொள்ளும் ஆபத்து நேர்வதாகக் கணிக்கப்பட்டது. இந்நோயால் ஆண்டுதோறும் சில பத்துக் குழந்தைகளே இறந்த அந்நாட்டில் அம்முடிவு நியாயமானதே. ஆனால், 2000ஆம் ஆண்டளவில் உலகெங்கும் ஆண்டுக்கு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை இவ்வைரசு கொன்றது. நன்மையையும் தீமையையும் நிறுக்கும் தராசு வறிய நாடுகளில் வேறுவிதமாகச் சாய்ந்திருக்கும். அத்தராசைப் பிடிக்கும் உரிமை அந்நாடுகளிடம் இருக்கவில்லை. செல்வ நாட்டுச் சந்தையில் இடமிழந்த மருந்து உலகிலேயே இல்லாமற் போயிற்று. 2006இல் புதிய மருந்துகள் இரண்டு அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகளுக்கு வந்தபோது, அவற்றின் விலை ஏழை நாடுகளுக்கு எட்டாததாயிருந்தது.

இந்நிலையில், புதுடில்லிச் சிசுவின் வைரசு மருந்தாக மாறியமை குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியாகும். இந்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் திணைக்களமும், அமெரிக்க அரச ஆராய்ச்சி நிறுவனங்களும், தரும நிறுவனங்களும், ஐதராபாத்திலுள்ள கம்பனியொன்றும் அதில் இணைந்தன. ஒரு தடவைக்கு ஒரு டொலர் என்ற விலை உறுதியளிக்கப்பட்டது. டில்லி, பூனா, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடையே அது பரீட்சிக்கப்பட்டது. கடுமையான நோயை அது ஏறத்தாழ 54 சதவீதம் குறைத்தது. 2014இல் அனுமதி பெற்று, 2016இல் நான்கு மாநிலங்களில் அரசின் இலவசத் தடுப்பு மருந்துத் திட்டத்திற் சேர்ந்தது.

இவ்வெற்றியைப் பாராட்டும் நாம் அதன் நிழலையும் பார்த்தல் வேண்டும். பரீட்சையிற் சேர்ந்த குழந்தைகளுள் மூன்றிலொரு பங்கினருக்கு வெற்று மருந்தே புகட்டப்பட்டது. பிற மருந்துகள் ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்த வேளையில் அது தகுமா என்ற வினா எழுந்தது. நாட்டின் திட்டத்தில் அம்மருந்துகள் சேர்க்கப்படவில்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட சமாதானங்களுள் ஒன்று. எவருடைய வறுமை பரீட்சையை நியாயப்படுத்துகின்றதோ, அவருக்கே பரீட்சையின் பயன் முதலிற் சேரவேண்டும் என்பதே நம் கருத்து.

மற்றொரு உண்மையும் உண்டு. செல்வ நாடுகளில் 85 சதவீதத்துக்கு மேற் பயன்தரும் மருந்துகள் வறிய நாடுகளிற் பெரும்பாலும் 50, 60 சதவீதமே பயன்தருகின்றன. வேலூரில் 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வு, 2011இல் இதே போக்கினை இயற்கைத் தொற்றிலும் காட்டிற்று: மூன்று தடவை தொற்றிய பின்னரும் பாதுகாப்பு 79 சதவீதமே. மெக்சிக்கோவில் முன்னர் நடந்த ஆய்விலோ, இரண்டு தொற்றுகளே முழுப் பாதுகாப்பை அளித்திருந்தன. போசாக்கின்மையும், குடலில் ஓயாது குடியேறும் பிற கிருமிகளும் இதற்குரிய காரணங்களுள் அடங்கும் என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அசுத்தமான குடிநீரையும் நெருக்கமான குடியிருப்பையும் வைத்துக்கொண்டு, சொட்டு மருந்தொன்றினால் மாத்திரம் குழந்தையைக் காத்துவிடலாம் என எண்ணுவது பேதைமை.

மெல்பேர்ன் சிசு அறையிற் கண்ட வைரசிலிருந்து ஆக்கப்பட்ட மருந்து, இந்தோனேசியாவிற் பிறந்து ஐந்து நாட்களுக்குள் முதற் சொட்டுப் புகட்டிப் பரீட்சிக்கப்பட்டது. 2018இல் வெளியான முடிவுகள், முதலாண்டில் கடுமையான நோயை அது 94 சதவீதமும், பதினெட்டு மாதங்களில் 75 சதவீதமும் தடுத்ததாகக் கூறின. பிறப்போடு தொடங்கும் பாதுகாப்பு, வைத்தியசாலையை மீண்டும் எட்டிப் பார்க்க இயலாத ஏழைத் தாய்க்குப் பெருந்துணையாகும்.

உலகில் இந்நோயால் நேர்ந்த மரணங்கள் 2013இல் ஏறத்தாழ இரண்டு இலட்சத்துப் பதினையாயிரமாகக் குறைந்தன. அவற்றுள் ஐந்திலொன்றுக்கு மேல் இந்தியாவில் நேர்ந்தவை. குறைந்த தொகையும் தொகையே. ஒவ்வோர் எண்ணும் ஒரு தொட்டில். பெயரறியாச் சிசுக்கள் தம் உடலால் எழுதித் தந்த இவ்வறிவு மனிதகுலத்தின் பொதுச்சொத்து. அதனை விலைச்சீட்டிலிருந்து விடுவித்து, தூய நீரோடும் போதிய உணவோடும் ஒவ்வொரு குழந்தைக்கும் சேர்ப்பிப்பது, விஞ்ஞானிகளோடு சமுதாயம் முழுவதும் ஏற்கவேண்டிய கடமையாகும்.