குர்கன் கருதுகோள்

குர்கன் கருதுகோள் என்பது, இந்தோ-ஐரோப்பிய மூலமொழி கருங்கடலுக்கும் காசுப்பியன் கடலுக்கும் வடக்கேயுள்ள புல்வெளிகளில் பேசப்பட்டது எனக் கூறும் கருதுகோள் ஆகும். லித்துவேனியத் தொல்லியலாளர் மரியா கிம்புட்டாசு 1956 ஆம் ஆண்டில் இதனை முன்வைத்தார். உருசிய மொழியில் குர்கன் என்பது புதைமேட்டைக் குறிக்கும். அம்மேடுகளை எழுப்பிய கால்நடை மேய்ப்போரே தம் மொழியையும் பரப்பினர் என்பது அவர் கருத்து.

இம்மொழிகள் அனத்தோலியாவிலிருந்து வேளாண்மையுடன் பரவின என்று கொலின் ரென்ஃபுரூ 1987 இல் மறுத்தார். ஆனால் 2015 இல் வெளியான பண்டைய டி.என்.ஏ. ஆய்வொன்று, செருமனியின் கயிற்றுவரி மட்பாண்டப் பண்பாட்டு மக்களுடைய மரபில் ஏறத்தாழ முக்கால் பங்கு புல்வெளியின் யம்னாயா மக்களுடையது எனக் காட்டியது. 2017 இல் ரென்ஃபுரூவே கிம்புட்டாசின் கருத்து மீண்டும் நிலைபெற்றதை ஏற்றுக்கொண்டார். அதைக் காண அவர் இல்லை. 1994 இலேயே காலமானார்.

எனினும் எலும்புகள், இறந்தவர் பேசிய மொழியைக் கூறுவதில்லை. இட்டைட்டு மொழி வழங்கிய அனத்தோலியாவில் யம்னாயா மரபு காணப்படாமை இன்றும் விவாதிக்கப்படுகிறது.