கோழியின் கண் வீங்கினால்: மருந்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

கோழியின் கண் வீங்கியதும் கையில் கிடைக்கும் அன்டிபயோடிக்கைத் தண்ணீரில் கலந்து கொடுப்பது பலரது வழக்கம். ஆனால் கண்ணில் தெரிவது பெரும்பாலும் சுவாச நோயொன்றின் வெளி அடையாளமே. காரணம் அறியாமல் மருந்து கொடுத்தால் பணமும் போகும், கோழியும் போகும்.

நோயை உண்டாக்கும் பக்டீரியாக்கள்

கொரைசா: அவிபக்டீரியம் பராகலினாரம் என்ற பக்டீரியாவால் வருவது. தொற்றி 1 முதல் 3 நாட்களில் முகமும் கண்ணைச் சுற்றிய பகுதியும் வீங்கும். மூக்கிலிருந்து நாற்றமுள்ள சளி வடியும். முட்டை உற்பத்தி 10 முதல் 40 வீதம் வரை குறையலாம்.

மைக்கோபிளாஸ்மா: மெதுவாகப் பரவும். கண்ணில் நுரைபோல நீர் கட்டும், மூச்சில் கரகரப்புக் கேட்கும். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் செல்லும்.

ஈ. கோலை, ஸ்டபிலோகொக்கஸ்: ஏற்கெனவே புண்பட்ட கண்ணில் எளிதில் பற்றும். சீழ் இறுகிக் கட்டியானால் பார்வை போய்விடும்.

கூட்டின் காற்று

ஈரமான கூளத்திலிருந்து கிளம்பும் அமோனியா கண்ணையும் சுவாசக் குழாயையும் புண்படுத்தி, கிருமிக்கு வழி திறந்துவிடுகிறது. கோழியின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், கோழி நாள் முழுவதும் அந்தக் காற்றையே சுவாசிக்கிறது.

ஏமாற்றும் அறிகுறிகள்

கோழியம்மை, ராணிக்கெட் போன்ற வைரஸ் நோய்களிலும் விற்றமின் ஏ குறைபாட்டிலும் கண் வீங்கலாம். இவற்றை அன்டிபயோடிக் குணப்படுத்தாது. பல கோழிகள் ஒரே நேரத்தில் நோயுற்றாலோ திடீரென இறந்தாலோ உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

நோயுற்ற கோழியைத் தனியாக்குங்கள். அதற்கு எட்டும்படி உணவும் தண்ணீரும் வையுங்கள். கண் தெரியாத கோழி பட்டினியாலும் இறக்கும். ஈரக் கூளத்தை அகற்றிக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். நலமான கோழிகளை முதலிலும் நோயுற்றவற்றைக் கடைசியிலும் கவனியுங்கள்.

வைத்தியர் தரும் மருந்தை இடையில் நிறுத்தக்கூடாது. அவர் குறிப்பிடும் நாட்கள் முடியும்வரை முட்டையையோ இறைச்சியையோ விற்கவும் கூடாது.

கொரைசாவும் மைக்கோபிளாஸ்மாவும் பிடித்துத் தேறிய கோழி, வீக்கம் வற்றிய பின்னரும் கிருமியைச் சுமக்கலாம். அதைப் புதிய குஞ்சுகளுடன் விடாதீர்கள். ஒரு தொகுதியை முழுமையாக வெளியேற்றி, கூட்டைக் கழுவிக் காயவிட்ட பின்னரே அடுத்த தொகுதியைக் கொண்டுவருவது பாதுகாப்பானது.