தெருப்பலகையில் ஒரு தேதி

பினாங்கில் ‘டிரான்ஸ்ஃபர் ரோடு’ என்றால் காலை நேரத்து ரொட்டி சானாய்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சாப்பிட வருபவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? அது ஒரு தேதியின் நினைவாக வைத்த பெயர். 1867 ஏப்ரல் 1.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் அன்றுதான் இந்திய நிர்வாகத்தின் கையிலிருந்து லண்டன் காலனி அலுவலகத்தின் கைக்கு மாறின. ரோமாபுரியில் ‘செப்டம்பர் 20’ என்று ஒரு தெரு உண்டு. 1870-இல் இத்தாலியப் படை நகருக்குள் புகுந்த நாள் அது. அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் உள்ள அகன்ற சாலைக்கு ‘ஜூலை 9’ என்று பெயர். 1816-இல் அந்நாடு விடுதலையை அறிவித்த நாள். அவர்கள் நாளையும் மாதத்தையும் பலகையிலேயே எழுதிவிட்டார்கள். இங்கே நடந்ததை மட்டும் எழுதி, நாளை விட்டுவிட்டார்கள். நடந்ததும் இன்று மறந்துபோய்விட்டது.

தமிழர் மறக்கக் கூடாத நாள் அது. அதற்கு முந்தைய எண்பது ஆண்டுகள் பினாங்கை ஆண்டது இந்தியாவிலிருந்த அரசுதான். 1805-இல் வங்காளம், சென்னை, பம்பாய்க்கு அடுத்த நான்காவது மாகாணமாகவே பினாங்கை உயர்த்தினார்கள். 1830-இல் அந்தத் தகுதி போனது; அதன்பின் கல்கத்தாவின் உத்தரவுக்குக் காத்திருக்கும் ஊரானது. ஆனாலும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே இறங்கிய தமிழர் ஒரே அரசின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத்தான் வந்தார். 1867-க்குப் பிறகு அதே கடற்பயணம் வேற்றுக் காலனிக்குப் போகும் பயணமாகிவிட்டது. அதற்கெனத் தனிச் சட்டமும் தேவைப்பட்டது.

இன்னொன்றும் அன்றோடு முடிவுக்கு வரத் தொடங்கியது. இந்தியாவில் தண்டனை பெற்ற கைதிகளைக் கப்பலேற்றி இங்கே அனுப்பும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இருந்தது. இந்த நகரத்தின் பழைய சாலைகளைப் போட்டதில் அவர்களின் உழைப்பு பெரிது. 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் அவர்கள் கை வைத்துக் கட்டியதுதான். ஆளுநர்களின் பெயர்கள் தெருக்களில் நிற்கின்றன. அந்தத் தெருக்களுக்குக் கல் சுமந்தவர் ஒருவரின் பெயர்கூட எந்தப் பலகையிலும் இல்லை.

இந்தப் பெயர்வைப்பின் தொடக்கம் 1786. அவ்வாண்டு ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் இங்கே வந்திறங்கினார். ஆகஸ்ட் 11 அன்று தீவைக் கைக்கொண்டதாக அறிவித்தார். ஜார்ஜ் டவுன் என்று ஊருக்கு அரசர் மூன்றாம் ஜார்ஜின் பெயர். கடலோரத் தெருவுக்கு லைட்டின் பெயர். உள்ளே ஒரு தெருவுக்கு அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட்டின் பெயர். பிட் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. லீத், ஃபார்குவார் போன்ற அதிகாரிகளின் பெயர்கள் பிறகு சேர்ந்தன. இந்த லீத் 1801-இல் நம் கதைக்குள்ளும் வருகிறார். தென்னிந்திய முஸ்லிம் சமூகத்தின் கப்பித்தானாக, அதாவது தலைவராக, இருந்த காதர் முகைதீன் கட்டிய பள்ளிவாசலுக்கு நிலம் கொடுத்த துணை ஆளுநர் அவர்தான். அந்தப் பள்ளிவாசல் நிற்கும் பிட் ஸ்ட்ரீட், இன்று ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங். இந்த மாற்றத்தை நான் ஏற்கிறேன். தெருவில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பெயர் சொல்கிறது.

ஆனால் எல்லா மாற்றமும் மக்கள் வாயில் ஒட்டவில்லை. நோர்தாம் ரோடு ஜாலான் சுல்தான் அகமட் ஷா ஆனது. கிரீன் லேன் ஜாலான் மஸ்ஜிட் நெகெரி ஆனது. டாக்சி ஓட்டுபவரிடம் கிரீன் லேன் என்று சொல்லிப் பாருங்கள். வண்டி நேரே அங்கே போய் நிற்கும். சூலியா ஸ்ட்ரீட்டுக்கும் தொடக்கத்தில் மலபார் ஸ்ட்ரீட் என்றுதான் பெயர். 1798-இல் ஆங்கிலேயர்களே அதை மாற்றினார்கள். பெயர் மாற்றுவது நேற்று வந்த பழக்கமல்ல.

நம்மை அதிகம் தொடும் பெயர் ஜாலான் டி.எஸ். இராமநாதன், பழைய ஸ்காட் ரோடு. 1957 ஜனவரி 1 அன்று, எலிசபெத் அரசியின் சாசனத்தால் ஜார்ஜ் டவுன் மாநகரானது. மலாயாவில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் நகரம் இதுதான். அந்த மாநகரின் முதல் மேயர் தொழிற்கட்சியைச் சேர்ந்த இராமநாதன். மூன்றாவது மேயர் சி.ஒய். சோய், பழைய பிரிட்ஜ் ஸ்ட்ரீட்டின் ஒரு பகுதி இன்று அவர் பெயரில் உள்ளது. 1965-இல் நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தார்கள். அடுத்த ஆண்டு மாநகர மன்றத்தின் அதிகாரத்தை மாநில அரசு எடுத்துக்கொண்டது. அந்தத் தேர்தல்கள் இன்றுவரை திரும்பவில்லை. அதனால் இந்த இரண்டு தெருக்களும் இரண்டு மனிதர்களுக்கான மரியாதை மட்டுமல்ல. மக்கள் வாக்களித்துத் தங்கள் நகர மன்றத்தைத் தேர்ந்தெடுத்த காலத்தின் சாட்சிகள். ஓர் ஊரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி எது? அந்தத் தெருக்களில் நடந்துபோகும் ஒரு மாணவருக்கு இதை யார் சொல்கிறார்கள்?

பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை ஒட்டுவதைவிட, புதிய சாலைக்குப் புதிய பெயர் வைப்பது நல்ல வழி. ஜெலுத்தோங் கடலோரத்தில், 2014-இல் மறைந்த வழக்கறிஞர் கர்பால் சிங்கின் பெயரில் உள்ள சாலையைச் சொல்லலாம். பிறந்த இடத்துக்கே பெயர் வைப்பதும் பொருத்தம்தான். திரைக்கலைஞர் பி. ரம்லி 1929-இல் பிறந்த இடம் கவுன்டர் ஹால் ரோடு, இன்று ஜாலான் பி. ரம்லி. அந்த மாற்றத்தில் யாருக்கும் குறை இருக்க முடியாது.

அரசு எழுதாமலே வாழ்ந்த பெயர்களும் நமக்கு உண்டு. மார்க்கெட் ஸ்ட்ரீட் நம் பெரியவர்களுக்குக் கடைத்தெரு. செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கித் தெரு. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் கோவில் வீடு இருப்பதும் அங்கேதான். அது போய்ச் சேரும் இடம் அரசுப் பலகையில் ஜாலான் கெபுன் பூங்கா, அதற்கு முன் வாட்டர்ஃபால் ரோடு. நமக்கு என்றும் தண்ணீர்மலை. எந்த மன்றமும் தீர்மானம் போட்டு வைத்த பெயரல்ல அது. அதனால் எந்த மன்றமும் மாற்றவும் முடியவில்லை.

2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டில் பாரம்பரிய வட்டாரத் தெருக்களில் பன்மொழிப் பலகைகள் வந்தன. சிலவற்றில் தமிழ் எழுத்தும் இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் பெயரை மட்டும் தமிழில் எழுதினால் போதாது. டிரான்ஸ்ஃபர் ரோட்டில் ‘1867 ஏப்ரல் 1’ என்று ஒரு வரி வேண்டும். இராமநாதன் தெருவில் அவர் யார் என்று இரண்டு வரி வேண்டும். மாநகர் மன்றத்துக்கு இது பெரிய செலவல்ல.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தத் தெருக்களைத் தமிழில் எப்படி அழைத்தார்கள் என்று இந்த வாரமே கேளுங்கள். பெயரையும், அது எந்தத் தெரு என்பதையும், யார் சொன்னார்கள் என்பதையும் எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். வரும் பெயர்களை இத்தொடரிலேயே வெளியிடுவோம்.