தொலைக் கணினி இயக்கம்: ஊவா மாகாணத்தில் அதன் வரலாறு

ஓரிடத்தில் அமர்ந்தவாறே பிறிதோரிடத்திலுள்ள கணினிக்குள் கம்பி வழியாகவோ வானலை வழியாகவோ புகுந்து, அதன் திரையைத் தம் கண்முன் வரவழைத்து, அதனைத் தம் விரல்களால் ஆட்டுவிப்பது தொலைக் கணினி இயக்கம் எனப்படும். இவ்வித்தை பிறந்தது அமெரிக்காவிலாயினும், கொழும்பிலிருந்து கட்டளை ஏறி வருவதும் தோட்டத்திலிருந்து கணக்கு இறங்கிச் செல்வதும் தலைமுறை தலைமுறையாக வழக்கமாயிருந்த பதுளை மலைநாட்டிலே அது எவ்வாறு வந்து படிந்தது என்பது தனித்து நோக்கத்தக்கது.

தொலைவிலுள்ள யந்திரத்தை மின்சாரத்தால் கட்டுப்படுத்தும் முறை ஊவாவுக்குப் புகையிரதத்தோடு வந்தது. 1924 இல் பதுளையை எட்டிய மலைநாட்டுப் பாதை ஒற்றைத் தண்டவாளமுடையது; எதிரெதிரே வண்டிகள் மோதாதிருக்க, நிலையத்துக்கு நிலையம் ‘டேப்லட்’ பெட்டிகள் கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தன. அடுத்த நிலையத்தார் இசைந்தாலன்றி, வண்டி புறப்பட அனுமதியாகும் தகட்டைப் பெட்டி விடாது. வெளியே வந்த தகடு மீண்டும் பெட்டிக்குள் சேரும் வரையில் அப்பகுதிக்கு மற்றொரு தகடு எவருக்கும் கிடையாது.

கணக்கிடும் யந்திரத்தோடு இவ்வாறு தொலைவிலிருந்து முதலில் உறவாடியவர் அமெரிக்கக் கணிதர் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ். 1940 செப்டெம்பர் 11 அன்று, அமெரிக்காவின் ஹானோவர் நகரில் கூடிய கணிதப் பண்டிதர்கள் முன்னிலையில், நியூயோர்க்கில் இருந்த தம் யந்திரத்துக்குத் தட்டச்சுத் தந்தி வழியே வினாக்களை அனுப்பி விடைகளைப் பெற்றுக் காட்டினார். பின்னர் 1969 அக்டோபர் 29 அன்று, கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகக் கணினியிலிருந்து தொலைவிலிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்துக் கணினிக்குள் நுழைய முயன்றபோது, இரண்டு எழுத்துக்கள் சென்றவுடனே அக்கணினி நின்றுபோயிற்று. சிறிது நேரத்தின் பின்னர் முயற்சி கைகூடியது. இன்று உலகைச் சூழ்ந்துள்ள இணையத்தின் முதற் செய்தியே தொலைவிலிருந்த கணினியைத் திறக்கும் முயற்சியாக அமைந்தது நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வழியில் எழுந்த ‘டெல்நெட்’ என்னும் தொலைநுழைவு முறையில் கடவுச்சொல் மறைப்பின்றிச் சென்றது. பின்லாந்தில் அவ்வாறு கடவுச்சொற்கள் களவாடப்பட்டதைக் கண்ட டாட்டு யுலோனென், யாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் ‘எஸ்எஸ்எச்’ முறையை 1995 இல் இயற்றினார். எழுத்தோடு நில்லாமல் திரை முழுவதையுமே காட்டும் சாதனங்கள் அதன் பின்னர் பெருகின.

இலங்கையிலே 1990 அளவில் பல்கலைக்கழகங்களிடையே ‘லேர்ன்’ வலையமைப்பு மின்னஞ்சல் சேவையைத் தொடக்கியது. 1995 இல் இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2005 இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையில் நிறுவப்பட்டது. அதே ஆண்டளவில் ‘நெனசல’ என்னும் பொதுக் கணினி நிலையங்களும் கிராமப்புறங்களில் தோன்றலாயின.

தோட்டங்களின் நிலை சற்று வேறு. அரசிடமிருந்த பெருந்தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர், காலப்போக்கில் கணினி தோட்டக் காரியாலயத்துள் நுழைந்தது. பெரிய கிளாக்கரின் மேசையில் விரிந்து கிடந்த செக்ரோல் என்னும் வேலைநாட் பதிவேடு திரைக்கு மாறியது. சம்பள நாளுக்கு முன்னர் கணக்குக் கோப்பு திறவாது நின்றுவிட்டால், பழுதுபார்ப்பவர் மலையேறி வரும் வரை காத்திராது, திரையில் தோன்றும் அடையாள எண்ணைக் கிளாக்கர் தொலைபேசியில் வாசித்துச் சொல்ல, பல மணிநேரப் பயணத் தூரத்திலுள்ளவர் அதே கணத்தில் சுட்டியை நகர்த்திச் சரிசெய்கிறார். முன்பின் தெரியாத ஒருவருக்கு அந்த எண்ணைச் சொல்வது காரியாலயத்தின் சாவியையே கொடுப்பதாகும். உண்மையில் நிகழ்வது மிக எளியது: அப்பாலுள்ள கணினி தன் திரையில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புகிறது, இப்பாலிருந்து விசையழுத்தங்களும் சுட்டியின் அசைவுகளும் செல்கின்றன. வேலை முழுவதும் அங்கேயே நடைபெறுகின்றமையால், தொடர்பு மெலிந்ததாயினும் போதும், ஆனால் அறுபடலாகாது. மலைமடிப்புகள் அலையை மறிக்கும் ஊவாவில் அரிதாய்க் கிடைப்பது அந்த அறுபடாமையே.

தொலைவிலிருந்து காரியமாற்றும் வழக்கம் வணிகத்துக்கும் பரவியது: 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலமும், கொள்ளைநோய் பரவிய 2020 ஏப்ரலில் முதன்முறையாக இணையத்துக்கு மாறிற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றினால் தனி மணம் பெறும் ஊவாத் தேயிலைக்கும், ஏல மண்டபத்தில் கூடாமலே, வணிகர்கள் தத்தம் இல்லங்களிலிருந்து விலை கூறினர்.

அதே கொள்ளைநோய்க் காலத்திலேதான், 2021 இல், பதுளை மாவட்டத்து லுணுகலைப் பகுதியில், பாடசாலைப் பிள்ளைகள் பெரியோர் துணையுடன் காட்டு மலையுச்சிக்கு ஏறி, தரையிலிருந்து சுமார் 30 அடி உயரத்தில் மரத்தின்மேல் கட்டப்பட்ட பரணில் முறைவைத்து அமர்ந்து, பாடங்களை இறக்கிக்கொண்டனர். ஏலத்துக்கு எட்டிய இணையம் அப்பிள்ளைகளின் வீட்டு வாசலுக்கு எட்டவில்லை. தொலைவிலிருந்தே உழைத்து ஊதியம் ஈட்டலாம் என்று இளைஞருக்கு உபதேசிப்போர் இதனை முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும். கம்பி தோட்டக் காரியாலயத்தோடு நின்றுவிடுமாயின், அவ்வித்தை துரைமாருக்கும் வணிகருக்கும் மட்டுமே பிரயோஜனப்படும். ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும், அதன்பின் ஒவ்வொரு லயக் குடியிருப்புக்கும் அறுபடாத இணைப்பைக் கொண்டு சேர்ப்பது அரசாங்கத்தினதும் கம்பனிகளினதும் நீங்காக் கடமையாகும்.