கெருடம் செதுக்கிய கை

மரண அறிவித்தல் போடுவதென்றால் பெயர் வேண்டும், ஊர் வேண்டும், காலமான திகதி வேண்டும், கிரியை எங்கே என்று சொல்ல வேண்டும். மட்டக்களப்புக் கூத்துக் கிராமங்களில் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்ட இந்த ஆளுக்கு ஊர் மட்டும் தாராளமாக உண்டு. வந்தாறுமூலை, சீலாமுனை, கன்னன்குடா என்று வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் சொல்லிக்கொண்டே போகலாம். திகதிதான் இல்லை. ஆள் என்றால் தனியொருவர் அல்ல. பகலில் உளியும் பிரம்பும் கத்தரிக்கோலுமாக முற்றத்தில் இருந்து, இரவில் மத்தளத்தைக் கட்டிக்கொண்டு கூத்துக் களரியின் நடுவில் நின்ற ஒரு வகை மனிதர். செதுக்கவும் தெரிந்தவர், கொட்டவும் தெரிந்தவர்.

கூத்துச் செத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கன்னன்குடாக்காரர் அடிக்க வருவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான். பல்கலைக்கழகத்தில் கூத்துப் படிக்கிறார்கள், பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டியில் ஆடுகிறார்கள், கொழும்பு மண்டபங்களில் கைதட்டு வாங்குகிறார்கள். கூத்துக்கு வாழ்வுண்டு. கூத்தோடு ஒட்டிப் பிறந்த அந்தக் கைவேலைக்காரருக்குத்தான் இந்த இரங்கல்.

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எல்லாரும் உளி பிடித்தவரல்லர். எல்லாத் தச்சரும் மத்தளம் தொட்டவருமல்லர். ஆனால் இரண்டு வேலையும் ஒரே ஊருக்குள், ஒன்றின் காதுக்கு மற்றது எட்டும் தூரத்தில் நடந்தன. அந்தத் தூரம்தான் இங்கே முக்கியம்.

பெரும்போக வேளாண்மை வெட்டி, சூடடித்து, நெல் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் ஊருக்குக் கூத்து நினைவு வரும். இன்ன நாடகம் என்று முடிவாகும். பதினெட்டாம் போர், பப்பிரவாகன், அலங்காரரூபன் என்று ஏதோ ஒன்று. நல்ல நாள் பார்த்து ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் அவனவன் பங்குக்குரிய பாட்டையும் வசனத்தையும் அண்ணாவியார் கொடுப்பார். அது சட்டங்கொடுத்தல். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பழக்கம். கால் பழக வேண்டும், தொண்டை பழக வேண்டும், இரண்டும் சேர்ந்து மூச்சு வாங்காமல் இருக்கப் பழக வேண்டும். பிறகு சதங்கை அணிதல், வாரம் ஒருமுறை கிழமைக்கூத்து, முழுக் கூத்தையும் ஒருமுறை ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல். கடைசியில்தான் மண் மேடையிட்டு வட்டக்களரி கட்டி அரங்கேற்றம். அதோடும் முடியாது. வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். வயல் உழுவதற்கு ஒரு போகம் எப்படியோ, அப்படிக் கூத்துக்கும் ஒரு போகம்.

உடுப்பு வேலை இந்த மாதங்களுக்குள்ளேதான் நடக்கும். கூத்தின் இரு மோடிகளில் ஒன்றான வடமோடியில் அரசனுக்குத் தலையில் கெருடம் என்ற முடி. மரத்தைக் குடைந்து செதுக்கி, வர்ணம் பூசி, பொன்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியது. தோளுக்கும் மார்புக்கும் காதுக்கும் அதே மாதிரி மர அணிகள். இடுப்புக்குக் கீழே கரப்புடுப்பு. வாவியோரத்தில் மீனுக்கு மேல் கவிழ்க்கும் கரப்பைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் சொல்லாமலே புரியும். மேலே ஒடுங்கி, கீழே விரிந்து, வளையம் வளையமாகக் கட்டி, மேலே துணி போர்த்தது. மற்ற மோடியான தென்மோடிக்காரனுக்கு இந்தப் பாரமெல்லாம் கிடையாது. அவனுக்குப் பூமுடி, எளிய உடுப்பு. காதலும் கலியாணமுமாகப் போகிற கதைக்கு அது போதும். போரும் சாவுமாகப் போகிற வடமோடிக்குத்தான் இந்தக் கட்டிடம்.

கட்டிடம் என்றுதான் சொல்ல வேண்டும். அதை உடுத்தவன் குனிய முடியாது, சும்மா கழுத்தைத் திருப்ப முடியாது. திரும்புவதென்றால் உடம்போடு திரும்ப வேண்டும். வடமோடி அரசனின் அந்த நிமிர்வு, தலை அசையாமல் கால் மட்டும் பறக்கும் அந்த வீசாணம், எட்டுப் போடும்போது வட்டமாக விரிந்து சுழலும் அந்த இடுப்பு, எல்லாம் அண்ணாவியார் சொல்லிக்கொடுத்தது மட்டுமல்ல. பாதி ஆட்டத்தை உடுப்பே ஆட்டுவித்தது. கெருடம் கொஞ்சம் பாரம் குறைந்தால் அரசன் தலையாட்டிப் பொம்மையாகிவிடுவான். கொஞ்சம் கூடினால் விடியற்காலைப் போர்க்களத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கரப்பு அகலம் கூடினால் இரண்டு பேர் எதிரெதிரே வந்து வாள் வீச முடியாது. ஒடுங்கினால் சுழலும்போது விரியாது. இந்த அளவுகளை அடிமட்டம் வைத்துப் பிடிக்க முடியாது. தாளம் எந்த வேகத்தில் போகிறது, எந்த இடத்தில் காலை இறுக்கி மிதிக்கிறான், எந்த இடத்தில் பாய்கிறான் என்று தெரிந்தவனுக்குத்தான் பிடிபடும். மத்தளம் அறிந்த கைதான் கரப்பையும் அறியும். அவன் செய்தது வெறும் அலங்காரமல்ல, ஆட்டத்தின் ஓர் உறுப்பு.

மத்தளமும் அப்படித்தான். கடையில் வாங்கி வந்த மத்தளத்துக்கும் ஊரில் தோல் கட்டி வார் இழுத்த மத்தளத்துக்கும் உள்ள வித்தியாசம் திறந்த வெளியில் தெரியும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் களரியைச் சுற்றிப் பாயிலும் மணலிலும் உட்கார்ந்த ஊருக்கு, பாட்டை அமுக்காமலும் அடியைத் தொலைக்காமலும் ஒரு சத்தம் போய்ச் சேர வேண்டும். மத்தளம், சல்லரித் தாளம், ஆட்டக்காரனின் தொண்டை, பிற்பாட்டுக்காரரின் தொண்டை. அவ்வளவுதான் முழு வாத்தியக் குழுவும். வெயில் காய்ந்த நாளில் ஒரு சுருதி, வாவிப் பக்கமிருந்து ஈரக்காற்று அடிக்கும் இரவில் இன்னொரு சுருதி. நடுச்சாமத்தில் தோல் இளகும்போது வாரை இழுத்துச் சரிசெய்யும் அந்த விரல்கள், பகலில் பிரம்பை வளைத்து இறுக்கிய அதே விரல்களாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டுத் தெருக்கூத்திலும் மர அணிகலன்கள் உண்டு. அங்கே வேடம் கட்டுவதைக் ‘கட்டை கட்டுதல்’ என்றே சொல்வார்கள், கட்டைக்கூத்து என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். கேரளத்துக் கதகளிக்கு முடி செய்வதற்கென்று குமிழ மரம் தேடும் ஆசாரிமார் இன்றும் இருக்கிறார்கள். கதகளி உலகம் சுற்றியது, அரசும் வெளிநாட்டாரும் காசு போட்டார்கள், முடி செய்பவருக்கு வருடம் முழுக்க வேலை கிடைத்தது. மட்டக்களப்பில் ஒரு கெருடம் செய்தால் ஊரே பத்துப் பதினைந்து வருடம் அதை வைத்து ஆடும். தொழில் என்று சொல்லிப் பிழைக்க அதில் வழியில்லை. அவர் வேளாண்மைக்காரர், மீன்பிடிகாரர், தச்சர். கூத்து அவருக்குச் சோறு போடவில்லை. அதனால்தான் அவர் மறைந்ததும் எந்தக் கணக்கிலும் விழவில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பூசி மெழுகவும் எனக்கு விருப்பமில்லை. களரியில் பெண்ணுக்கு இடமில்லை, பெண் வேடத்தையும் ஆண்தான் போட்டான். பணமும் குடிவழியும் பார்த்து அரச வேடம் கொடுத்த ஊர்கள் உண்டு. நல்ல குரல் இருந்தும் சேவகனாகவே நின்றவர்கள் உண்டு. பறைமேளம் அடித்தவரின் கூத்து அவர்கள் சேரிக்குள்ளேயே நின்றது. அவர்கள் கையிலிருந்த தாள ஞானத்தைச் சாவீட்டுக்கு மட்டும் கூப்பிட்டார்கள். கைவேலைக்காரர் மறைவுக்கு அழுகிற அதே கண்ணால் இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

1956இல் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். நாடகம என்ற சிங்களக் கூத்து வடிவின் மூலத்தைத் தமிழ்க் கூத்தில் கண்டவர் அவர். அது தமிழர் பக்கத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தனை உசுப்பிவிட்டது. அண்ணாவிமாரைத் தேடிப் போனார், கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்தார், பேராதனை மாணவர்களைக் கூத்தாட வைத்தார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் பழக்க, 1962இல் ‘கர்ணன் போர்’ வந்தது. அடுத்த வருடம் ‘நொண்டி நாடகம்’. அதன் பிறகு அமிர்தகழிப் பிள்ளை சி. மௌனகுரு எழுதிய ‘இராவணேசன்’. வாவிக்கரை வயல்வெளியில் விடிய விடிய ஆடியது, படித்தவர் சபையில் மரியாதையோடு ஏறியது அப்போதுதான். அந்த மரியாதை இல்லாவிட்டால் இன்று கூத்தைப் பற்றிப் பேசவே ஆளிருக்காது. அதை நன்றியோடு சொல்கிறேன்.

ஆனால் மேடை மாறியபோது சில கணக்குகளும் மாறின. விடிய விடிய ஆடியது ஒன்றரை மணித்தியாலமாகச் சுருங்கியது. நாலு பக்கமும் சனம் சூழ்ந்த களரி, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையானது. பெண்கள் ஆட வந்தார்கள், அது பெரிய வரவு. உடுப்பும் மெலிந்தது. ஒன்றரை மணித்தியாலத்துக்கு யாருக்கு அவ்வளவு பாரம்? நடிகனின் முகமும் மனமும் தெரிய வேண்டிய மேடைக்குக் கழுத்து அசைய வேண்டும். ‘இராவணேசன்’ இராவணன் உள்ளுக்குள் தத்தளிக்கிறவன். அவனைக் கரப்புக்குள் அடைக்க முடியாது. கலை நியாயப்படி அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவில் ஒருவருடைய வேலை போயிற்று, அதை யாரும் குறித்து வைக்கவில்லை.

ஊரில் அவருக்கு விழுந்த அடி வேறு. 1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளி தென்னையையும் கூரையையும் சுருட்டிக்கொண்டு போனது. பெட்டிக்குள் சுற்றி வைத்திருந்த கெருடமும் கூத்துக் கொப்பியும் நனைந்துபோன வீடுகள் எத்தனையோ. அடுத்து வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வந்தன. கோயில் முற்றத்திலும் கலியாண வீட்டிலும் ஓர் இரவுக்கு மூன்று படம் ஓடியது. அதையெல்லாம் கூத்து தாங்கியிருக்கும். தாங்க முடியாத அடி இரவு பறிபோனதுதான்.

கூத்துக்கு மேடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரவு வேண்டும். 1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு மட்டக்களப்பில் இரவு யாருடையது என்றே தெரியாமல் போயிற்று. அந்த வருடம் செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டான் இராணுவ முகாமில் ஓர் இரவில் கொல்லப்பட்டவர் நூற்றுக்கணக்கு. அந்த அயலில் யார் போய் இளந்தாரிகளைக் கூட்டிவைத்து விடியும்வரை மத்தளம் கொட்டுவது? இருபது இளைஞர்கள் இரவில் ஒரு வளவுக்குள் கூடினாலே சுற்றிவளைப்பு. இயக்கத்துக்குப் போனவன், இயக்கம் பிடித்துக்கொண்டு போனவன், முகாமுக்குப் போய்த் திரும்பாதவன், கப்பலேறியவன் என்று ஆட்டக்காரர் சிதறினார்கள். கோயில் சடங்கை ஒட்டி, பகலில், இரண்டு மணித்தியாலத்தில் என்று சில ஊர்கள் சமாளித்தன. 2007 மார்ச்சில் படுவான்கரை இடம்பெயர்ந்தபோது மாவட்டத்தில் லட்சத்துக்கு மேற்பட்டோர் அகதிகளாக இருந்தார்கள். வாவியைக் கடந்து ஓடும்போது பிள்ளையைத் தூக்குவார்கள், அடையாள அட்டையை எடுப்பார்கள். கரப்பை யார் தூக்குவது?

2000களின் தொடக்கத்தில், போர்நிறுத்த ஒப்பந்தத்தின் மூச்சு வாங்கும் இடைவெளியில், சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊராரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் செய்தார். நகரத்து மேடைக்கு எடுத்துப் போகாமல் ஊர்க் களரியிலேயே, ஊராருடைய விவாதத்தோடு கூத்தைத் திருத்துவது அவர் வழி. பெண் பாத்திரங்களை எப்படிப் பாடுகிறோம், சாதியை எப்படிச் சொல்கிறோம் என்று அண்ணாவியாரும் ஆட்டக்காரரும் வாதாடினார்கள். வித்தியானந்தன் வழியோடு இதற்கு உரசல் உண்டு. கட்டுரைகளில் இரண்டு தரப்பும் நன்றாகவே மோதியிருக்கின்றன. நான் இதில் தராசு பிடிக்க வரவில்லை. ஊருக்குள் களரி போட்டால் ஊருக்குள் உடுப்பும் செய்ய வேண்டிவரும் என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது. அந்த வகையில் என் சாய்வு சீலாமுனைப் பக்கம்தான்.

இன்று தமிழ்த் தினப் போட்டிக்கு ஆடும் பிள்ளையின் தலையில் இருப்பது ரிஜிபோம் முடி. மேலே பொன்னிற ஸ்ப்ரே, நாடிக்குக் கீழே இலாஸ்டிக். பிள்ளைகள் அருமையாக ஆடுகிறார்கள். ஆனால் அரசன் சுழலும்போது முடி ஒரு பக்கம் சரிகிறது, ஒரு கை அதைப் பிடிக்கப் போகிறது, வாள் பிடிக்க வேண்டிய கை. சில ஊர்களில் பழைய கெருடங்கள் இன்னும் இருக்கின்றன. கண்ணாடி உதிர்ந்த இடத்தில் ஜிகினாத்தாள் ஒட்டிப் புழங்குகிறார்கள். புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் வாடகை உடுப்புக் கடைக்குத்தான் போகிறார்கள். அங்கே கிடைப்பது பரதநாட்டியத்துக்கும் சினிமாவுக்கும் பாதிப் பாதியாகத் தைத்த ஒன்று.

கூத்தைப் பற்றி அச்சில் வந்தவை குறைவல்ல. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ ஒன்றே போதும், ஆட்டமும் தாளமும் களரியும் எவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகியிருக்கின்றன என்று காட்ட. பாட்டு அச்சிலும் ஒலிநாடாவிலும் இருக்கிறது. உளி வேலை அப்படிக் காகிதத்தில் நிற்காது, கையிலிருந்து கைக்குத்தான் போகும். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசையும் நடனமும் நாடகமும் கட்புலக் கலையும் ஒரே வளவுக்குள் படிப்பிக்கிற இடம். கட்புலக் கலை படிக்கும் ஒரு பொடியனை அல்லது பொட்டையை ஒரு கூத்துப் போகம் முழுக்கக் கன்னன்குடாவுக்கு அனுப்பி, சட்டங்கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரை, இருக்கிற பழைய கெருடத்தைப் பார்த்துப் புதிதாக ஒன்று செதுக்கச் சொல்லலாம். செலவு ஒரு கருத்தரங்கின் மதியச் சாப்பாட்டுக் கணக்குக்குள் அடங்கும். ஒரு நிபந்தனை: இரவில் அந்தப் பிள்ளையைக் கதிரையில் இருத்தி வேடிக்கை பார்க்க விடக்கூடாது. சல்லரியையாவது கையில் கொடுத்துப் பிற்பாட்டுக்காரரோடு நிறுத்த வேண்டும்.