மாதிரி வீட்டில் நிற்கும் பெண்

"மேன்பவர்ல வேலை" என்று யாரும் சொன்னால் எங்களுக்கு விளக்கம் தேவையில்லை. கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையாக இருக்கலாம், கொழும்பில் ஒரு களஞ்சியமாக இருக்கலாம். வேலை ஓரிடம், சம்பளம் தருகிறவர் வேறிடம், நாளைக்குக் கூப்பிடுவினமோ தெரியாது.

இந்தப் பெயரிலேயே அமெரிக்காவில் ஒரு கம்பனி இருக்கிறது. 1948இல் மில்வோக்கி நகரில் எல்மர் வின்டர், ஆரன் ஷைன்ஃபெல்ட் என்ற இரண்டு சட்டத்தரணிகள் தொடங்கியது. அவசரமாக ஓர் ஆவணத்தைத் தட்டெழுத ஆள் கிடைக்காமல் தவித்தபோது வந்த யோசனை என்பது கம்பனி சொல்லும் கதை. அதற்கு இரண்டு வருடம் முதல், 1946இல், டெட்ரொயிட்டில் வில்லியம் ரஸல் கெலி இதே வியாபாரத்தில் இறங்கிவிட்டார். அவருடைய கம்பனி பிறகு 'கெலி கேர்ள்' என்று பேரெடுத்தது. கேர்ள்! பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பெண்களும் அதில் அடக்கம்.

இதே காலத்தில்தான் அங்கே புதுவீட்டு விற்பனையும் பெருந்தொழிலானது. 1947இல் நியூயோர்க்குக்குப் பக்கத்தில் லோங் ஐலண்ட் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் லெவிட் கம்பனி ஒரே அச்சில் வீடுகளைக் கட்டத் தொடங்கியது. 1951க்குள் 17,447 வீடுகள். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு முற்பணமில்லாமலே கடன் கிடைத்தது. மாதிரி வீட்டைப் பார்க்கச் சனம் வரிசையில் நின்றது. வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக்கூடாது என்று ஆரம்ப ஒப்பந்தங்களில் எழுதியே வைத்திருந்தார்கள். இதைச் சொல்லாமல் லெவிட்டவுனைப் புகழும் கட்டுரைகளை நாங்கள் நம்புவதில்லை.

அந்த வீடுகளின் விளம்பரங்களில் சமையலறையில் சிரித்துக்கொண்டு நிற்கும் இல்லத்தரசியைத்தான் ஏஜென்சிகளும் தேடின. புருஷனுக்குச் சம்பளம் வருகிறது, இவவுக்குக் கைச்செலவுக்குக் கொஞ்சம் போதும் என்பது அவர்களுடைய விளம்பர நியாயம். அப்படிச் சொன்னால் குறைந்த கூலியும் நிரந்தரமின்மையும் உரிமைப் பிரச்சினையாகத் தெரியாது, சலுகையாகத் தெரியும். 1971இல் வந்த கெலி விளம்பரம் ஒன்று இன்னும் வெளிப்படையானது. இந்தப் பெண் லீவு எடுக்கமாட்டாள், சம்பள உயர்வு கேட்கமாட்டாள், வேலை இல்லாத நேரத்துக்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை என்று முதலாளிகளுக்குச் சொன்னது. எங்கட பட்ச்சில வார இறுதியில் கடைகளில் 'புரமோஷன்' நிக்கிறவை இதை வாசித்தால் சிரிப்பினமோ அழுவினமோ தெரியாது.

பிறகு வீடு கட்டும் கம்பனிகளும் ஏஜென்சிகளிடம் ஆள் எடுத்தன. புதுக் குடியிருப்புத் திட்டத்தில் மாதிரி வீடு கிழமை முழுக்கத் திறந்திருக்கவேணும். நிரந்தர விற்பனையாளர் லீவில் நிற்கும் நாளில், அல்லது சனம் குவியும் சனி ஞாயிறில், ஏஜென்சி ஒருவரை அனுப்பும். பல மாநிலங்களில் வீடு விற்க அனுமதிப்பத்திரம் வேணும். அது இல்லாதவர் வாசலில் வரவேற்கலாம், கையேடு கொடுக்கலாம், வந்தவரின் பெயரை எழுதி எடுக்கலாம். விலை பேசக்கூடாது. அவருக்கு மணித்தியாலக் கூலி. அவர் வரவேற்று இருத்திய குடும்பம் அடுத்த கிழமை வந்து கையெழுத்து வைத்தால் தரகுப் பணம் பெரும்பாலும் நிரந்தர ஆளுக்குத்தான் போகும்.

முதலாளி யார் என்ற கேள்விக்கும் ஏஜென்சிகள் நீண்டகாலம் போராடி ஒரு பதிலை வாங்கின. வேலை தேடித்தரும் தரகர்களை மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்தின. நாங்கள் தரகர் அல்ல, நாங்களே முதலாளி என்று வாதாடி அந்தச் சட்டங்களிலிருந்து தப்பிக்கொண்டார்கள். அதனால் அந்தப் பெண் வீட்டுக் கம்பனியின் மேசையில் இருந்து, அதன் பெயர் பொறித்த அட்டையைக் குத்திக்கொண்டு வேலை செய்தாலும், சம்பளப் பதிவில் வேறு கம்பனியின் ஆள்.

2005இல் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 12 இலட்சத்து 80 ஆயிரம் புது வீடுகள் விலைப்பட்டன. கடன் குமிழி உடைந்த பிறகு, 2011இல், 3 இலட்சத்து 6 ஆயிரம். வீட்டுக் கம்பனிகள் நிரந்தர ஆட்களை நிறுத்தியபோது அது ஆட்குறைப்பு என்று செய்தியில் வந்தது. மாதிரி வீட்டில் நின்றவர்களை நிறுத்தவே தேவையில்லை. வெள்ளிக்கிழமை ஏஜென்சியிலிருந்து கோல் வராது.